யூரோ 2004: கிரீஸ் சுவர் கட்டியா ஜெயித்தது? ஆறு ஆட்டங்களையும் திரும்பப் பார்த்த பிறகு

#1 கோடுதாண்டி

ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவே மூன்று வாரம் வீட்டில் சும்மா இருந்தேன். அதில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: 2004 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) கிரீஸ் ஆடிய ஆறு ஆட்டங்களையும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பார்த்தேன். ஹைலைட்ஸ் இல்லை, முழு ஆட்டம். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இழை தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. கிரீஸ் என்றதும் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறோம். "பதினொரு பேரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள், ஒரு கார்னர் கிடைத்தது, தலையால் முட்டினார்கள், கப்பை எடுத்துக்கொண்டு போனார்கள்." நானும் இத்தனை வருடமாக இதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். திரும்பப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் கணக்கு. ஆறு ஆட்டத்தில் 7 கோல் போட்டார்கள், 4 வாங்கினார்கள். வாங்கிய நான்கும் குரூப் சுற்றில். நாக் அவுட்டில் பிரான்ஸ், செக், போர்ச்சுகல் மூன்று அணிகளும் சேர்ந்து ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மூன்று ஆட்டமும் 1-0, மூன்று கோலும் ஹெட்டர். இதைப் பார்த்துத்தான் "சுவர்" என்கிறோம்.

ஆனால் அது சுவர் இல்லை. சுவர் ஓர் இடத்தில் நிற்கும். கிரீஸின் டிஃபன்ஸ் ஆட்கள் எதிராளி போகும் இடமெல்லாம் கூடவே போனார்கள். அப்பட்டமான மேன் மார்க்கிங். அப்போது பெரிய அணிகள் எல்லாம் இடத்தைக் காக்கும் முறைக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. உன் பகுதிக்கு வந்தால் நீ பார், என் பகுதிக்கு வந்தால் நான் பார்க்கிறேன். ஃபார்வர்டு ஆட்களும் அதற்கேற்பப் பழகியிருந்தார்கள்: இரண்டு டிஃபன்டருக்கு நடுவில் உள்ள சந்தில் போய் நிற்பது, ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் அந்தக் கண நேரத்தில் ஓடுவது. கிரீஸுக்கு எதிராக அந்தச் சந்தே இல்லை. பிரான்ஸ் ஆட்டத்தில் ஆன்ரி இடது பக்கம் போனால் செய்டாரிடிஸ், நடுவுக்கு வந்தால் செய்டாரிடிஸ், தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னால் செய்டாரிடிஸ்தான் நிற்பார் போல. ட்ரெஸகேவுக்கு காப்சிஸ். ஜிடானுக்கு கட்சுரானிஸ். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் தனியாக டெல்லாஸ், ஆறரை அடியைத் தொடும் ஆள், பழைய காலத்து லிபரோ மாதிரி, யாரையும் தனியாகத் துரத்தாமல் கடைசியில் நின்று காக்கும் ஆள்.

இதைச் செய்தவர் ஓட்டோ ரேஹாகல். அப்போது வயது 65. காலாவதியானது என்று உலகம் ஓரங்கட்டிய பாடத்தை வாழ்க்கை முழுக்க நடத்திவந்த ஜெர்மன் வாத்தியார். 1998-இல், இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் ஏறிவந்த கைசர்ஸ்லாட்டர்ன் அணியை அதே வருடம் பண்டஸ்லிகா (ஜெர்மனியின் முதல் டிவிஷன்) சாம்பியன் ஆக்கியவர். 2001-இல் கிரீஸுக்கு வந்தார். முதல் ஆட்டமே ஃபின்லாந்தில் 1-5 என்று உதை. பழைய முறை என்று கேலி செய்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிரபலம்: ஜெயிக்கிறவன் ஆடுவதுதான் நவீன ஆட்டம்.

இன்னொன்று. பிரான்ஸுக்கு எதிரான அந்த கோலைத் தயவுசெய்து திரும்பப் பாருங்கள். 65-வது நிமிடம். வலது ஓரத்தில் கேப்டன் ஸாகொராகிஸிடம் பந்து. எதிரில் லிசராசு, உலகக் கோப்பையும் யூரோவும் ஜெயித்த ஆள். ஸாகொராகிஸ் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, இவர் பக்கவாட்டில் சுற்றி ஓடி, இறங்கும் பந்தைப் பிடித்து, நிமிர்ந்து பார்த்து க்ராஸ் அடிக்கிறார். உள்ளே காரிஸ்டியாஸைச் சுற்றி ஆளே இல்லை. இதே காட்சியைப் பிரேசில் சட்டை போட்ட ஒருவர் செய்திருந்தால் இன்றைக்கும் சுவரில் போஸ்டர் ஒட்டியிருப்போம்.

என் கட்சி இதுதான்: அது அதிர்ஷ்டமும் இல்லை, சுவரும் இல்லை. யாரும் படிக்காமல் விட்ட பாடத்திலிருந்து கேள்வித்தாள் வந்துவிட்டது.

---

#2 நெத்வெத்தின்_முழங்கால்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எந்தப் பக்கம் என்று.

கோடுதாண்டி, எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் அரையிறுதியை ஒரே மூச்சில் தாண்டிவிட்டீர்களே. அந்தப் போட்டியின் சிறந்த அணி செக் குடியரசு. இதில் விவாதத்துக்கே இடமில்லை. குரூப்பில் மூன்று ஆட்டமும் ஜெயித்த ஒரே அணி. லாட்வியா 2-1, நெதர்லாந்து 3-2, ஜெர்மனி 2-1. கடைசி ஆட்டத்தில் பாதிப் பேருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ரிசர்வ் ஆட்களை வைத்து ஜெர்மனியை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலிறுதியில் டென்மார்க்கை 3-0. பரோஷ் 5 கோலோடு போட்டியிலேயே முதலிடம்.

கிரீஸோடு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ரொசிட்ஸ்கி அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. 40-வது நிமிடத்தில் நெத்வெத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதற்கு முந்தைய வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதான பாலன் டி'ஓர் வாங்கியவர். அவர் போனதும் அணியின் நடுமுதுகு ஒடிந்தது. இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை: கிரீஸின் காலிறுதி ஜூன் 25, செக்கின் காலிறுதி ஜூன் 27. அரையிறுதி ஜூலை 1. இரண்டு நாள் கூடுதல் ஓய்வு, அந்த வெயிலில்.

இது அதிர்ஷ்டம் இல்லை என்றால் வேறு எது அதிர்ஷ்டம்?

---

#3 ஆஃப்சைடு ஆறுமுகம்

தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னால் செய்டாரிடிஸ் 😂

எங்கள் தெரு ஆட்டத்தில் இப்படி ஒருவன் இருந்தான். ஆட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கப் போனாலும் கூடவே வருவான். அவன் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது.

---

#4 பன்னிரண்டேகால்

(பெயர்க்காரணம் கேட்பவர்களுக்கு: அந்த யூரோவில் இரவு ஆட்டங்கள் நம் நேரத்தில் 12:15-க்குத் தொடங்கும். கல்லூரி விடுதியில் ஒரே டிவி. வார்டன் தூங்கிய பிறகு சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்ப்போம். கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொள்ள வேண்டும்.)

அதிர்ஷ்டம் பற்றிப் பேச வேண்டுமென்றால் அரையிறுதிக்கு ஏன் போக வேண்டும்? ஜூன் 20-க்குப் போங்கள். A குரூப்பின் கடைசி நாள். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். லிஸ்பனில் ஸ்பெயின் - போர்ச்சுகல், தெற்கே ஃபாரோவில் ரஷ்யா - கிரீஸ்.

ரஷ்யா ஏற்கெனவே வெளியே போய்விட்ட அணி. இழக்க ஒன்றுமில்லை. 67-வது விநாடியில் கிரிச்சென்கோ கோல் போட்டார். 2024-இல் அல்பேனியா இத்தாலிக்கு எதிராக 23 விநாடியில் போடும் வரை யூரோவின் அதிவேக கோல் அதுதான். 17-வது நிமிடத்தில் புலிக்கின் இரண்டாவது. கிரீஸ் 0-2. 43-வது நிமிடத்தில் வ்ரிசாஸ் ஒன்று போட்டார். அப்புறம் யாரும் போடவில்லை, 1-2.

அந்தப் பக்கம் நூனோ கோமெஸ் 57-வது நிமிடத்தில் அடித்த கோலில் போர்ச்சுகல் 1-0.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிரீஸ் 4 புள்ளி, ஸ்பெயின் 4 புள்ளி. இரண்டுக்கும் நடுவில் ஆடிய ஆட்டம் 1-1. கோல் வித்தியாசம் இரண்டுக்கும் பூஜ்யம். கிரீஸ் போட்டது 4, ஸ்பெயின் போட்டது 2. அந்த இரண்டு கோலில்தான் கிரீஸ் உள்ளே வந்தது.

ரஷ்யா இன்னொரு கோல் போட்டிருந்தால் கிரீஸ் வெளியே. சரியா? இதைவிட வேடிக்கை அந்தப் பக்கம். ஸ்பெயின் ஒரே ஒரு கோல் போட்டுச் சமன் செய்திருந்தால் ஸ்பெயினுக்கு 5, போர்ச்சுகலுக்கும் கிரீஸுக்கும் ஆளுக்கு 4. முதல் ஆட்டத்தில் கிரீஸ்தான் போர்ச்சுகலை ஜெயித்தது. ஆக வெளியே போயிருக்க வேண்டியது போர்ச்சுகல், சொந்த நாட்டில்! ஃபைனல் ஆடிய இரண்டு அணியும் ஒரே ராத்திரியில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு கோலில் தொங்கிக்கொண்டிருந்தன.

அதனால் முழங்கால் அண்ணா, அதிர்ஷ்டம் எல்லோர் வீட்டுக்கும் வந்துதான் போனது.

---

#5 ஃபிகோபக்தன்

ரணத்தைக் கிளறுகிறீர்கள். பரவாயில்லை, கிளறுங்கள்.

நான் போர்ச்சுகல் ஆள். 1989, 1991 இளையோர் உலகக் கோப்பைகளை ஜெயித்த அந்தத் தலைமுறைக்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். ஃபிகோ, ரூய் கோஸ்டா, ஃபெர்னாண்டோ கோட்டோ. சொந்த மண்ணில் யூரோ. கோச் யார்? 2002-இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்கொலாரி. இதைவிட வேறென்ன வேண்டும்?

போர்ட்டோவில் முதல் ஆட்டம். 7-வது நிமிடம். பாவ்லோ ஃபெரேரா தப்பாகக் கொடுத்த பாஸை எடுத்து கரகுனிஸ் தூரத்திலிருந்து அடித்தார், உள்ளே. 51-வது நிமிடம் பெனால்டி. அந்த ஃபவுல் செய்தது யார் தெரியுமா? இடைவேளைக்குப் பிறகு இறங்கிய 19 வயதுப் பையன், கிறிஸ்டியானோ ரொனால்டோ. விழுந்தது இதே செய்டாரிடிஸ். கடைசியில் இன்ஜுரி டைமில் ரொனால்டோவே ஹெட்டரில் ஒன்று போட்டார். நாட்டுக்காக அவர் போட்ட முதல் கோல். அதைக் கொண்டாடக்கூட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஸ்கொலாரி செய்ததுதான் உண்மையான தைரியம். ஒரே அடியில் நான்கு பேர் பெஞ்சுக்குப் போனார்கள்: கோட்டோ, ரூய் ஜோர்ஜ், பாவ்லோ ஃபெரேரா, ரூய் கோஸ்டா. அவர்கள் இடத்தில் ரிக்கார்டோ கார்வாலோ, நூனோ வலென்டே, மிகேல், டெகோ. மிகேலைத் தவிர மற்ற மூவரும் மூன்று வாரம் முன்னால் போர்ட்டோவுக்காக சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர்கள். ரூய் கோஸ்டாவைப் பெஞ்சில் உட்காரவைப்பது என்றால் சும்மாவா?

ஆனால் பாருங்கள், பெஞ்சிலிருந்து எழுந்து வந்தே ரஷ்யாவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று. இங்கிலாந்து கோலை யாராவது மறக்க முடியுமா? 110-வது நிமிடம். நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவந்து, இடித்தவனைத் தள்ளிவிட்டு, கிராஸ்பாருக்கு அடியில் அறைந்தார். ஐந்து நிமிடத்தில் லேம்பார்டு அதைச் சமன் செய்தார், அது வேறு விஷயம். அப்புறம் ஷூட் அவுட். கோல்கீப்பர் ரிக்கார்டோ கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையில் வஸெல் அடித்ததைத் தடுத்தார். அடுத்து அவரே போய் அடித்து ஆட்டத்தை முடித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே குரைத்தது.

இப்படியெல்லாம் வந்துவிட்டு ஃபைனலில்... முதல் ஆட்டத்தில் தோற்ற அதே அணியிடம். போதும், அப்புறம் எழுதுகிறேன்.

---

#6 கோடுதாண்டி

பன்னிரண்டேகால், அந்த ஜூன் 20 கணக்கை நான் இப்படி யோசித்ததே இல்லை. நன்றி.

ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸ்பெயினை கிரீஸ் தொல்லை செய்தது அங்கே முதல்முறை இல்லை. தகுதிச் சுற்றிலும் இரண்டும் ஒரே குரூப். கிரீஸ் முதல் இரண்டு ஆட்டத்தையும் (ஸ்பெயின், உக்ரைன்) ஆளுக்கு 0-2 என்று தோற்றது. அதற்கப்புறம் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதில் ஒன்று ஸரகோசாவில், ஸ்பெயினின் மண்ணிலேயே 1-0. குரூப்பில் கிரீஸ் 18, ஸ்பெயின் 17. ஸ்பெயின் பிளே ஆஃப் ஆடி வந்தது. எட்டு ஆட்டத்தில் கிரீஸ் போட்ட மொத்த கோல் எட்டே எட்டு!

அதாவது போர்ச்சுகலுக்கு வந்திறங்குவதற்கு முன்பே ஒரு வருடமாக இந்த அணி இதைத்தான் செய்துகொண்டிருந்தது. நாம்தான் பார்க்கவில்லை. பார்க்கக் காரணமும் இல்லை என்பது நியாயம். அதற்கு முன் பெரிய போட்டிகளில் அவர்கள் ஜாதகம் அப்படி: 1980 யூரோவில் ஒரு டிரா, இரண்டு தோல்வி. 1994 உலகக் கோப்பையில் மூன்று தோல்வி, போட்டது பூஜ்யம், வாங்கியது 10.

முழங்கால் அவர்களுக்கு: ஓய்வு நாள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கிராஸ்பாரையும் ஒப்புக்கொள்கிறேன். நெத்வெத் போன பிறகும் கோல்லெர், பரோஷ், ரொசிட்ஸ்கி, பொபோர்ஸ்கி உள்ளேதானே இருந்தார்கள்? 2.02 மீட்டர் கோல்லெரை காப்சிஸ் எப்படிக் கையாண்டார் என்று மட்டும் பாருங்கள். அவரோடு சேர்ந்து குதிக்கவில்லை. குதிப்பதற்கு முன்னாலேயே தோளை இடுப்பில் சாய்த்துவிடுகிறார். பந்து வந்துசேரும்போது கோல்லெர் பாதி உயரத்தில்தான் இருப்பார்.

---

#7 நெத்வெத்தின்_முழங்கால்

அதைத்தான் ஃபவுல் என்போம். நடுவர் கொல்லினாவே விட்டுவிட்டார் என்றால் என்ன செய்ய.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். அந்த யூரோவில் "சில்வர் கோல்" என்று ஒரு விதி. கூடுதல் நேரத்தின் முதல் 15 நிமிடம் முடியும்போது யார் முன்னிலையோ அவர்களே ஜெயித்தவர். இரண்டாவது 15 நிமிடம் கிடையாது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த கணமே ஆட்டம் முடியும் கோல்டன் கோல் கொடுமையாக இருக்கிறது, எதிராளிக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று கொண்டுவந்த ஏற்பாடு. 105-வது நிமிடம், சியார்டாஸ் கார்னர், டெல்லாஸ் முட்டினார். மையக்கோட்டுக்குப் பந்தை எடுத்துவந்து வைப்பதற்குள் நேரம் முடிந்தது. வாய்ப்புக் கொடுப்பதற்காக வைத்த விதி ஒரு விநாடிகூட வாய்ப்புக் கொடுக்கவில்லை. யூரோ முடிந்ததும் அந்த விதியைத் தூக்குவது என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதாவது செத்துப்போகப் போகிற விதி, சாகும் முன் எங்களைக் கடித்துவிட்டுச் செத்தது.

சரி, அழுதது போதும். நல்லதையும் எழுதுகிறேன். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டம் எது என்றால் ஜூன் 19, அவெய்ரோ, நெதர்லாந்து - செக். இருபது நிமிடத்துக்குள் நெதர்லாந்து 2-0. பௌமா, வான் நிஸ்டெல்ரூய். இரண்டையும் ராபன்தான் கொடுத்தார். எந்த கோச்சாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார். எங்கள் ப்ரூக்னர் 25-வது நிமிடத்தில் டிஃபன்டர் கிரிகெராவை வெளியே எடுத்துவிட்டு ஸ்மிட்செரை இறக்கினார். இருபத்தைந்தாவது நிமிடத்தில்! அதற்குள் கோல்லெர் ஒன்றைத் திருப்பியிருந்தார்.

எதிர்ப்பக்கம் அட்வகாட் என்ன செய்தார்? 58-வது நிமிடத்தில், ஆட்டத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த ராபனை வெளியே எடுத்துவிட்டு போஸ்வெல்ட் என்ற தடுப்பாட்டக்காரரை அனுப்பினார். மைதானமே ஊளையிட்டது. ஒருவர் தடுப்பாளரை எடுத்து அட்டாக்கரைப் போடுகிறார், இன்னொருவர் அட்டாக்கரை எடுத்துத் தடுப்பாளரைப் போடுகிறார். அதன் பிறகு 71-இல் கோல்லெர் நெஞ்சில் வாங்கி இறக்கிக் கொடுக்க பரோஷ் அறைந்தார். 75-இல் ஹெய்டிங்காவுக்குச் சிவப்பு அட்டை. 88-இல் பொபோர்ஸ்கி குறுக்கே தள்ளிக்கொடுக்க, உள்ளே தட்டியது யார்? அதே ஸ்மிட்செர். 3-2.

இந்த அணி கப்பை ஜெயிக்காத உலகத்தில் நான் வாழ்கிறேன். என்னை மன்னியுங்கள், கிரீஸைப் பாராட்ட என்னால் முடியாது.

---

#8 ரொறன்ரோக் குமரன்

வணக்கம் எல்லாருக்கும். நான் வழக்கமாக வாசிச்சுப்போட்டுப் போயிடுவன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த நேரம் நான் ரொறன்ரோ டான்ஃபோர்த் வீதியில் ஒரு கிறீக் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுற வேலை. நாட்டை விட்டு வந்து இரண்டு வருசம். டான்ஃபோர்த் என்றால் முழுக்கக் கிறீக் ஆக்கள், வீதிப் பெயர்ப்பலகையிலேயே கிறீக் எழுத்து இருக்கும். ஃபைனல் இங்கே ஞாயிறு பின்னேரம் இரண்டே முக்காலுக்குத் தொடங்கினது. முதலாளி காலையிலேயே சொல்லிட்டார், இன்றைக்கு ஓர்டர் எடுக்கிறது இல்லை, வாற ஆக்களுக்குக் கோப்பி மட்டும்.

குசினியில் நானும், போர்த்துக்கல்காரப் பொடியன் ஒருவனும். அவன் காய்கறி வெட்டுறவன். அன்றைக்கு அவனும் வேலைக்கு வந்திருந்தான், பாவம். முதல் பாதி முழுக்க முதலாளி குசினிக் கதவைத் திறந்து திறந்து அவனைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு போவார். அவன் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தான். அவ்வளவு வெங்காயம் ஒரு கிழமைக்கும் தேவைப்படாது.

57-ஆம் நிமிசம் காரிஸ்டியாஸ் அடிச்ச உடனே வெளியில் கேட்ட சத்தத்துக்கு நான் கையில் வைத்திருந்த தட்டை விட்டுட்டன். உடைஞ்சது. முதலாளி ஓடிவந்தார். பேச்சு விழப்போகுது என்று நினைச்சன். அவர் அடுக்கில் இருந்து இன்னொரு தட்டை எடுத்து நிலத்தில் போட்டு உடைச்சார். அப்புறம் இன்னொன்று.

ஆட்டம் முடிஞ்சு வெளியில் வந்தால் வீதியைக் காணவில்லை. கொடிகளும் ஆக்களும்தான். நீலமும் வெள்ளையும். இரவுவரைக்கும் ஒரு வாகனம் போகவில்லை. எங்கட ஆக்களும் நிறையப் பேர் அந்தக் கூட்டத்துக்குள் நின்றார்கள். கிறீஸ் எந்தத் திக்கில் இருக்குது என்றே தெரியாத பொடியன்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு திரிஞ்சாங்கள். நான் நின்று யோசிச்சன், ஒரு சின்ன நாட்டுக்கு இப்படி ஒரு நாள் வாறது எவ்வளவு பெரிய விசயம் என்று.

உங்கட மேன் மார்க்கிங், லிபரோ எல்லாம் எனக்கு வடிவாகத் தெரியாது. அந்தப் போர்த்துக்கல் பொடியன் அன்று இரவு வீட்டுக்குப் போகேக்கை அந்தக் கூட்டத்துக்குள்ளால்தான் போக வேண்டியிருந்தது. அவனுக்கு யாரோ ஒரு கிறீக் கிழவி வழியில் மறிச்சுக் கொஞ்சிப்போட்டு விட்டவவாம்.

---

#9 ஃபிகோபக்தன்

குமரன், அந்த வெங்காயம் வெட்டிய ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைனலைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். சுருக்கமாக. லுஸ் மைதானத்தில் கிரீஸுக்குக் கிடைத்த முதல் கார்னர் அது. பசினாஸ் அடித்தார். காரிஸ்டியாஸோடு குதித்தது கோஸ்டின்யா. ரிக்கார்டோ வெளியே வந்தார், பாதி வழியில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து உள்ளே. காரிஸ்டியாஸ் அந்த வருடம் ஜெர்மன் கிளப் ப்ரெமனில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்.

அதற்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தது. ரூய் கோஸ்டா இறங்கினார், ஒரு அற்புதமான பாஸ் கொடுத்தார், ரொனால்டோ தனியாகப் போய் கிராஸ்பாருக்கு மேலே அடித்தார். ஃபிகோ ஒன்று அடித்தார், நூலிழையில் வெளியே. கடைசி நிமிடங்களில் ஒருவன் மைதானத்துக்குள் ஓடிவந்து ஃபிகோ மேல் பார்சிலோனா கொடியை எறிந்துவிட்டு கோல் வலைக்குள் போய் விழுந்தான். அன்று எங்கள் பக்கமிருந்து கிரீஸ் வலைக்குள் போனது அவன் ஒருவன்தான்.

ஸாகொராகிஸ் கப்பைத் தூக்கினார். ரொனால்டோ நின்று அழுதார். ரூய் கோஸ்டா அன்றோடு தேசிய அணிக்கு முழுக்குப் போட்டார்.

கோடுதாண்டி சொல்வது சரிதான் என்று என் மூளை சொல்கிறது. மனசு கேட்கவில்லை.

---

#10 ஆஃப்சைடு ஆறுமுகம்

ஃபிகோபக்தரைச் சிரிக்க வைக்க ஒரு தகவல். போட்டிக்கு முன் ஸ்கொலாரி போர்ச்சுகல் மக்களிடம் எல்லா ஜன்னலிலும் கொடி கட்டச் சொன்னார். நாடு முழுக்கக் கட்டினார்கள். திடீரென்று அவ்வளவு கொடிக்கு எங்கே போவது? சீனாவிலிருந்து வந்து இறங்கியது. சிலவற்றில் போர்ச்சுகல் சின்னத்தில் இருக்க வேண்டிய கோட்டைகளுக்குப் பதிலாக பகோடா கோபுரம் அச்சாகியிருந்தது.

கோட்டைக்குப் பதில் பகோடா. அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா, கோட்டை விடப்போகிறார்கள் என்று?

---

#11 அஸூரி_அன்பு

எல்லோரும் அழுகிறீர்களே, இத்தாலி ரசிகன் நான் என்ன சொல்ல? ஐந்து புள்ளி எடுத்தும் வெளியே. டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2 டிரா செய்தால் இரண்டும் உள்ளே, நாங்கள் வெளியே என்ற நிலை. ஆட்டம் எப்படி முடிந்தது? துல்லியமாக 2-2! ஸ்வீடனின் ஜான்சன் 89-வது நிமிடத்தில் அடித்துச் சரிசெய்கிறார். இந்தப் பக்கம் எங்கள் கஸ்ஸானோ இன்ஜுரி டைமில் பல்கேரியாவுக்கு எதிராக கோல் போட்டுவிட்டுக் குதிக்கிறார், பெஞ்சைப் பார்க்கிறார், ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. பேசிவைத்து ஆடிய ஆட்டம் அது.

---

#12 மட்டுறுத்துநர்

இத்தாலி - ஸ்காண்டினேவியா விவகாரத்துக்கு ஏற்கெனவே 40 பக்க இழை இருக்கிறது. பேசிவைத்து ஆடியதற்கு எந்த ஆதாரமும் வரவில்லை என்று அங்கேயே பேசி ஓய்ந்தாயிற்று. டென்மார்க்கின் டோமாசன் போட்ட முதல் கோலைப் பார்த்தவர் யாரும் அது ஒப்பந்தக் கோல் என்று சொல்ல மாட்டார். தொடர விரும்பினால் அங்கே போகவும். இத்தாலியின் டொட்டி டென்மார்க்கின் பௌல்சென் மேல் துப்பியதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

---

#13 பன்னிரண்டேகால்

கோடுதாண்டிக்கு ஒரு கேள்வி. அது அவ்வளவு நல்ல பாடம் என்றால் அடுத்து ஏன் பலிக்கவில்லை? 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. 2006 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. 2008 யூரோவில் நடப்புச் சாம்பியனாக வந்து மூன்றும் தோல்வி. ரேஹாகல் அப்போதும் கோச்.

---

#14 கோடுதாண்டி

நல்ல கேள்வி, நேர்மையாகச் சொன்னால் இது என் கட்சிக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

என் ஊகம்: எதிராளி தயாராகிவிட்டான். 2004-இல் கிரீஸிடம் வந்தவர்கள் எல்லோரும் மேலே ஏறி ஆட வந்தார்கள். பிரான்ஸைப் பாருங்கள், கோச் சன்டினி போட்டி தொடங்குவதற்கு முன்பே டாட்டன்ஹாமுக்குப் போவது உறுதியாகியிருந்தது. வியேராவுக்குக் காயம். கிரீஸ்தானே என்று இறங்கினார்கள். யூரோ ஜெயித்த பிறகு கிரீஸ்தானே என்று யாரும் இறங்கவில்லை. அவர்களும் பின்னால் நின்றார்கள், "நீ வந்து ஆடு பார்ப்போம்" என்றார்கள். அதற்குக் கிரீஸிடம் பதில் இல்லை.

1992 டென்மார்க்கோடு ஒப்பிடுவார்கள். யுகோஸ்லாவியாவை நீக்கியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த அணி. அவர்களும் 1994 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. ஆனால் டென்மார்க்கிடம் ஷ்மைக்கேல், ப்ரியான் லாட்ரப் போன்ற ஆட்கள் இருந்தார்கள். கிரீஸில் அந்தத் தரத்தில் ஒரு ஆளும் இல்லை. அதனால்தான் எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

---

#15 பன்னிரண்டேகால்

பதில் பாதி சரி என்று வைத்துக்கொள்கிறேன் 🙂

இதையும் யோசித்துப் பாருங்கள். 2016-இல் போர்ச்சுகல் எப்படி யூரோ ஜெயித்தது? குரூப்பில் மூன்றும் டிரா, மூன்றாம் இடம். நாக் அவுட்டில் 90 நிமிடத்துக்குள் ஜெயித்தது வேல்ஸை மட்டும். ஃபைனலில் சொந்த மண்ணில் ஆடும் பிரான்ஸ். ரொனால்டோ 25-வது நிமிடத்தில் காயத்தோடு வெளியே. எல்லோரும் தடுத்துக்கொண்டே நின்றார்கள். 109-வது நிமிடத்தில், பெஞ்சிலிருந்து வந்த எடர் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். 1-0.

கோச் யார்? ஃபெர்னாண்டோ சான்டோஸ். அதற்கு முன் அவருக்கு என்ன வேலை? 2010-இலிருந்து 2014 வரை கிரீஸ் தேசிய அணியின் கோச். ரேஹாகலுக்கு அடுத்து வந்தவர் அவர்தான்.

---

#16 ஃபிகோபக்தன்

இதை இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே. 2016 ஜெயித்த ராத்திரி "எப்படி ஆடினால் என்ன, கப் கப்புதான்" என்று எல்லா குரூப்பிலும் எழுதினேன். அந்த ஸ்க்ரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள்.

---

#17 ரொறன்ரோக் குமரன்

2016-இல் நான் போர்த்துக்கல் ஆக்கள் இருக்கிற டண்டாஸ் பக்கம் போய் நின்றன். அந்தப் பொடியனைக் காணவில்லை. இப்ப எங்கே இருக்கிறானோ தெரியாது. ஆனால் சத்தம் அதே சத்தம்தான்.

---

#18 நெத்வெத்தின்_முழங்கால்

கோடுதாண்டி சொன்னாரே என்று நேற்று ராத்திரி அரையிறுதியைத் திரும்பப் போட்டேன். 2004-க்குப் பிறகு முதல்முறை. காப்சிஸ் தோள் விஷயம் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஃபவுல்தான் என்பதிலும் மாற்றமில்லை.

39-வது நிமிடம் வரை பார்த்தேன். நிறுத்திவிட்டேன். மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்.